தோற்றவரிடமிருந்து ஆட்டம் எதை எடுத்துக்கொள்கிறது?

சிறு வயதிலிருந்து விடாமல் விளையாடி வந்த ஒருவருக்கு, ஆட்டங்களை எப்படி வடிவமைக்க வேண்டும் என்பது பற்றிய கருத்துகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பற்றிச் சொல்லுமுன் சதுரங்க உலக சாம்பியன்கள் மூவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆட்டத்தோடு ஆயுள் முழுக்க வாழ்ந்தவர்கள் என்றால் அவர்கள்தான்.

1921 முதல் 1927 வரை சாம்பியனாக இருந்த காபாபிளாங்கா, வல்லவர்கள் மோதினால் இனி எல்லாமே டிராவில்தான் முடியும், சதுரங்கம் தீர்ந்துபோகும் என்று அஞ்சினார். பலகையைப் பத்துக்கு எட்டு கட்டங்களாக விரித்து, யானையும் குதிரையும் கலந்தாற்போல் நகரும் காய் ஒன்றையும், பிஷப்பும் குதிரையும் கலந்தாற்போல் நகரும் காய் ஒன்றையும் சேர்க்கச் சொன்னார். பாபி ஃபிஷரின் எரிச்சல் வேறு. தொடக்க நகர்த்தல்களை அதிகம் மனப்பாடம் செய்தவனுக்கே வெற்றி என்றாகிவிட்டதே என்பது அவர் புகார். 1996இல் அவர் முன்வைத்த தீர்வு, பின்வரிசைக் காய்களை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குலுக்கி அடுக்குவது. ராஜா இரு யானைகளுக்கு இடையில் இருக்க வேண்டும், பிஷப்புகள் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு மொத்தம் 960 தொடக்க நிலைகள் கிடைக்கின்றன. விளாடிமிர் கிராம்னிக் 2019இல் காஸ்லிங்கையே (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது) எடுத்துவிடலாம் என்றார். ராஜா சுலபமாகப் பதுங்க முடியாவிட்டால் ஆட்டம் சூடுபிடிக்கும் என்பது அவர் கணக்கு.

மூன்றும் கூர்மையான யோசனைகள். மூன்றும் சாம்பியன்களின் வலிகளும்கூட. குதிரை எப்படித் தாண்டும் என்பதை நேற்றுக் கற்றுக்கொண்டவருக்குச் சதுரங்கம் தீர்ந்துபோகப்போவதில்லை. பத்தொன்பதாவது நகர்த்தல் வரை மனப்பாடம் செய்த எதிராளியும் அவருக்கு வாய்க்கப்போவதில்லை. நீண்ட காலம் ஆடுபவருக்கு ஆட்டத்தின் குறைகள் கண்ணில் படத்தான் செய்கின்றன. ஆனால் எந்தக் குறை கண்ணில் படும் என்பதை அவர் அமர்ந்திருக்கும் நாற்காலி முடிவு செய்கிறது.

என் நாற்காலி சாதாரணமானது. எந்த ஆட்டத்திலும் நான் வல்லவன் இல்லை. பலவகை ஆட்டங்களைப் பல பத்தாண்டுகளாக ஆடியவன், ஆகவே பலவகையாகத் தோற்றவன். வெற்றிகள் எல்லாம் ஒன்றுபோலவே நினைவில் இருக்கின்றன. தோல்விகள்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. அதனால் என் கருத்துகளை வடிகட்டினால் கடைசியில் ஒரு கேள்விதான் நிற்கும்: தோற்ற பிறகு இந்த ஆட்டம் என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? காசையா, நேரத்தையா, இடத்தையா, கற்றதையா, மரியாதையையா?

ஆர்கேட் இயந்திரங்கள், அதாவது பொது இடங்களில் நாணயம் போட்டு ஆடும் வீடியோ ஆட்டப் பெட்டிகள், காசை எடுத்துக்கொண்டன. அதில் ஒளிவுமறைவு கிடையாது. ஒரு நாணயம் போட்டால் மூன்று உயிர், அதாவது மூன்று வாய்ப்பு. சில நிமிடங்களில் ஆளைத் தோற்கடித்து அடுத்தவருக்கு இடம் விட வைத்தால்தான் இயந்திரத்துக்கு வருமானம். எனவே கடுமை என்பது அங்கே அழகியல் முடிவாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. வியாபாரக் கணக்கே போதுமானது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டிகளை விட்டு ஆட்டங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று உயிர் கூடவே வந்துவிட்டது. ஆட்டத்தை முழு விலை கொடுத்து வாங்கியாகிவிட்டது, நாணயம் போடத் துளையும் இல்லை. ஆனாலும் 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் உயிர்கள் தீர்ந்தால் முதல் கட்டத்துக்கே போக வேண்டும் (விட்ட உலகத்திலிருந்து தொடர ஒரு ரகசியப் பொத்தான் சேர்க்கை இருந்தது, தெரிந்தவர்களுக்குத்தான் அது). அந்த வரிசையின் முதன்மை ஆட்டமொன்று உயிர்க் கணக்கையே கைவிட்டு, விழுந்தால் பத்து நாணயம் மட்டும் பிடித்துக்கொள்ள முன்வந்தது 2017இல், சூப்பர் மாரியோ ஒடிசியில். காரணம் செத்துப்போன ஒரு விதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது.

இதை ஒரே தலைமுறையின் ஆட்டங்களை மட்டும் ஆடியவர் கவனிக்க வாய்ப்பில்லை. சிறு வயதில் ‘மூன்று உயிர்’ என்பது ஈர்ப்பு விசைபோல இயற்கை விதியாகவே தோன்றும். பல காலகட்டங்களைக் கடந்து வந்தால்தான் எந்த விதி ஆட்டத்துக்காகப் பிறந்தது, எந்த விதி இயந்திரத்துக்காகவோ கல்லாவுக்காகவோ பிறந்தது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. எனக்கு நீண்ட அனுபவம் கொடுத்த மிகப் பயனுள்ள விஷயம் இதுதான் என்று சொல்வேன்.

அப்படிப் பிரித்துப் பார்க்கும்போது இயந்திரத்தால் பிறந்தவை எல்லாம் கெட்டவை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. 1978இல் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகம் பிடிப்பார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் கணினிச் சில்லு வேகமாக ஓடியது, அவ்வளவுதான். அவர் அதைச் சரிசெய்யாமல் விட்டுவைத்தார். 1991இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டில் அடிமேல் அடி தொடுக்கும் ‘காம்போ’வும் யாரும் திட்டமிடாதது, சோதனையின்போது தெரியவந்து, இருக்கட்டும் என்று விடப்பட்டது. இன்று சண்டை ஆட்டங்கள் என்ற வகையே அதன்மேல் நிற்கிறது.

போன காசு வேறு வடிவில் திரும்பியும் வந்திருக்கிறது. 2012இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவில் ஐந்து உயிர். தீர்ந்தால் ஓர் உயிருக்கு முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். ஆர்கேடாவது திறமையை மதித்தது: நன்றாக ஆடினால் ஒரே நாணயத்தில் நெடுநேரம் ஓட்டலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் அதையும் விட்டுவிட்டன. அவற்றில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் வகைப்படுத்தியது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை, ஆகவே மேலே நகர்கிறேன்.

நேரத்தை எடுத்துக்கொள்ளும் ஆட்டங்கள்தான் சிக்கலானவை. இதில் மிக மோசமான வகையைப் பழைய சாகச ஆட்டங்களில் பார்க்கலாம். 1990இன் கிங்ஸ் குவெஸ்ட் ஐந்தாம் பாகத்தில் உங்கள் பையில் கஸ்டர்ட் பை (pie) என்ற இனிப்புப் பண்டம் ஒன்று இருக்கும். பசிக்குத் தின்பண்டத்தைத் தின்பது இயல்புதானே? தின்றுவிட்டால், வெகுதூரம் போன பிறகு பனிமலையில் குறுக்கே வரும் பனிமனிதன்மேல் எறிவதற்கு ஒன்றும் இருக்காது. அங்கே சாக வேண்டியதுதான். தவறு நடந்த இடம் ஒன்று, தண்டனை கிடைக்கும் இடம் வேறொன்று. இடையில் எத்தனையோ மணி நேரம், ஏற்கனவே தோற்றுவிட்டோம் என்று தெரியாமலே ஆடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முந்தைய நிலையைச் சேமித்து வைத்திருக்கவில்லையென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வழக்கத்தை எதிர்த்து ஆட்ட வடிவமைப்பாளர் ரான் கில்பர்ட் 1989இலேயே கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு அவர் தலைமையில் வந்த தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்டில் நாயகன் ஏறக்குறைய சாவதே இல்லை. பத்து நிமிடம் மூச்சடக்குவேன் என்று அவன் பீற்றிக்கொள்வான். கடலுக்கடியில் அவனை உண்மையிலேயே பத்து நிமிடம் விட்டுவைத்தால் மட்டும் செத்துப்போவான். ஆடுபவர் பயமில்லாமல் எதையும் தொட்டுப் பார்க்கலாம் என்றானதும் நகைச்சுவைக்கு இடம் கிடைத்தது. எல்லாவற்றையும் சேமித்துச் சேமித்து நகரும் ஆளை யாராலும் சிரிக்க வைக்க முடியாது.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது 1980இன் ரோக். மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் தொடங்கிய அந்த ஆட்டத்தில் செத்தால் எல்லாம் போயிற்று. நாம் இறங்கித் தேடும் நிலவறையும் அடுத்த முறை புதிதாக அமையும். சென்ற முறை நோயைத் தீர்த்த நீல மருந்து இந்த முறை கண்ணைக் குருடாக்கலாம்; நிறங்களும் குலுக்கப்படுகின்றன. பார்த்தால் எல்லாவற்றிலும் கொடுமையான ஆட்டம் இதுதான். ஆனால் இது எனக்குக் கோபம் மூட்டியதில்லை. ஏனென்றால் ஒப்பந்தம் முதலிலேயே தெரியும், சாவு உடனடியாக வரும், காரணம் அநேகமாகக் கண்முன்னே இருக்கும். எந்த மருந்து என்ன செய்யும் என்ற தகவலைத்தான் ஆட்டம் அழிக்கிறது. தெரியாத மருந்தை உடல்நலம் நன்றாக இருக்கும்போது, பக்கத்தில் எதிரி இல்லாதபோது குடித்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை அழிக்க முடியாது. நேரம் போகிறது, கற்றது தங்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்துக்கொண்டு பெரும்பாலான ஆட்டங்களை எடைபோட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

டார்க் சோல்ஸை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2011இல் வந்த அந்த ஆட்டத்தின் கடுமையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதன் கொடுக்கல்வாங்கலைப் பற்றிப் பேசுவேன். செத்தால் சேர்த்த ஆன்மாக்கள் (அந்த ஆட்டத்தில் அவைதான் பணம்) செத்த இடத்தில் கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம். வழியில் மறுபடி செத்தால் அவை போய்விடும். திறந்த குறுக்குவழிகளும் எடுத்த ஆயுதங்களும் நம்முடையவையே. அதாவது நிரந்தர இழப்பு மிகக் குறைவு, இழக்கப்போகிறோமோ என்ற நடுக்கம் மிக அதிகம். இது அபாரமான வடிவமைப்பு. ஆனால் பெரிய எதிரியிடம் தோற்றபின் அவன் வாசல் வரை மீண்டும் ஓட வேண்டியிருக்கிறதே, அந்த ஓட்டத்தை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. முதல் இரண்டு முறை அது வழியைக் கற்றுத்தருகிறது. ஏழாவது முறை அது கற்றுத்தருவது ஒன்றுமில்லை. ‘அந்த ஓட்டம்தான் பதற்றத்தைக் கூட்டுகிறது’ என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். டார்க் சோல்ஸை உருவாக்கிய அதே நிறுவனம் 2022இன் எல்டன் ரிங்கில் பல பெரிய எதிரிகளுக்கு அருகிலேயே உயிர்த்தெழும் இடங்களை வைத்தது. பதற்றம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதிர்ஷ்டத்தால் தோற்பது தனி அத்தியாயம். அடி படும் வாய்ப்பு ‘90 சதவீதம்’ என்று திரை சொல்லி, அடி தவறிவிட்டால் மனிதர்களுக்கு ஆட்டம் ஏமாற்றுவதாகத் தோன்றும். பத்தில் ஒரு முறை தவறத்தான் வேண்டும் என்று அறிவுக்குத் தெரிந்தாலும் மனம் ஏற்பதில்லை. சிவிலைசேஷனை உருவாக்கிய சிட் மையர் 2010இல் வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் இதைப் பற்றியே விரிவாகப் பேசினார்: மூன்றுக்கு ஒன்று என்ற சாதகம் இருந்தால் ஆடுபவர்கள் வெற்றி நிச்சயம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஃபயர் எம்ப்ளம் என்ற போர் ஆட்ட வரிசையில் 2002இலிருந்து பல ஆட்டங்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்கின்றன. ஒரு சமவாய்ப்பு எண்ணுக்குப் பதில் இரண்டை எடுத்துச் சராசரி பார்க்கின்றன. திரையில் 90 என்று இருந்தால் உண்மை வாய்ப்பு ஏறத்தாழ 98. எண் பொய் சொல்கிறது. ஆடுபவருக்கோ இப்போதுதான் எண் உண்மை பேசுவதுபோல் இருக்கிறது.

டெட்ரிஸ் வேறு வழியில் போனது. அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில் உருவாக்கிய அந்த ஆட்டத்தில் ஏழு வடிவங்கள். பழைய பதிப்புகளில் நீளக் குச்சி எப்போது வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை, வராமலே கொன்றுவிடும். பிற்காலப் பதிப்புகள் ஏழையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை காலியான பிறகே மறுபடி நிரப்புகின்றன. இரண்டு குச்சிகளுக்கு இடையில் பன்னிரண்டுக்கு மேல் வேறு காய்கள் வர முடியாது. இது தெரிந்தவர் அதை வைத்துத் திட்டமிடலாம். ஆறுதலுக்காகப் பொய் எண்ணைக் காட்டுவதைவிட விதியையே மாற்றுவது மேல் என்பது என் கட்சி. 2018இன் இன்டு தி பிரீச்சில் எதிரிகள் அடுத்து எங்கே அடிக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே காட்டப்படும்; தோற்றால் குற்றம் சாட்ட என்னைத் தவிர ஆள் கிடையாது. அந்தச் சுகம் எல்லோருக்கும் பிடிக்காது, அது வேறு விஷயம்.

பலகை ஆட்டங்களில் தோற்றவரிடம் எடுத்துக்கொள்ளப்படுவது பெரும்பாலும் இடம். மோனோபொலியில் திவாலானவர் எழுந்து போக வேண்டும். மற்றவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் ஆடுவார்கள். அதன் மூலமான நிலக்கிழார் ஆட்டத்துக்கு எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்றார். நிலத்தைக் குவிப்பவர்கள் வாடகையால் மற்றவர்களை எப்படி ஓட்டாண்டியாக்குகிறார்கள் என்று காட்டுவதே அவர் நோக்கம். தோற்பவரின் வயிற்றெரிச்சல் அங்கே பாடம். பிறகு பாடம் உதிர்ந்து எரிச்சல் மட்டும் பெட்டிக்குள் தங்கிவிட்டது. 1995இல் வந்த கிளவுஸ் டொய்பரின் கட்டான் யாரையும் வெளியேற்றுவதில்லை. பின்தங்கியவரும் தன் செங்கல்லுக்கும் கம்பளிக்கும் பேரம் பேசிக்கொண்டு கடைசி வரை மேசையில் இருக்கிறார். எல்லோரும் பாராட்டும் மாற்றம் இது. என் சந்தேகம் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: வெல்ல வழியே இல்லை என்று தெரிந்தபின் முக்கால் மணி நேரம் நாற்காலியில் கட்டிப்போடப்படுவதும் வெளியேற்றம்தான். சதுரங்கத்தில் ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்துபோகும் உரிமை இருக்கிறது. பலர் ஆடும் மேசையில் அதைச் செய்தால் மற்றவர்களின் ஆட்டமும் கெடும்.

வயது ஏற ஏற என் கருத்துகள் எப்படி நகர்ந்தன என்றும் கேட்டிருந்தீர்கள். கை வேகம் குறைவது பற்றித்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இடையூறு. எந்த நிமிடத்திலும் யாராவது கூப்பிடுவார்கள் என்ற வாழ்க்கையில், நிறுத்திவைக்க முடியாத ஆட்டம் தோல்விக்கு முன்பே நேரத்தைப் பறிக்கிறது. பதினைந்து வயதில் ஒரு கட்டத்தைப் பாதியில் நிறுத்தும் தேவை எனக்கு இருந்ததே இல்லை. ஆகவே அது வடிவமைப்புப் பிரச்சினை என்றே தெரியாது. ஒரு நாற்காலி என்று மேலே சொன்னேன். உண்மையில் ஒரே ஆள் ஆயுளில் பல நாற்காலிகளில் மாறி மாறி உட்காருகிறார்.

இங்கேதான், வேண்டுபவர் ஆட்டத்தின் கடுமையைக் குறைத்துக்கொள்ள உதவும் ‘எளிய நிலை’ பற்றிய சண்டை வருகிறது. உதவியை ஏற்பது ஆட்டத்தைக் கெடுக்கும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: நீங்கள் பெருமைப்படும் ஆட்டங்கள் எப்போதும் உங்களுக்கு உதவிக்கொண்டுதான் இருந்தன. தாவித் தாவி மலையேறும் ஆட்டமான செலெஸ்ட் 2018இல் வந்தபோது அதன் கடுமையைப் பாராட்டினார்கள். அதில் விளிம்பைத் தாண்டிக் காற்றில் கால் வைத்த பிறகும் நொடியின் ஒரு சிறு துளிவரை தாவ முடியும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்தினாலும் நினைவில் வைத்திருந்து தாவச் செய்யும். இந்தச் சலுகைகளை உருவாக்கியவர்களே பின்னர் வெளிப்படையாகப் பட்டியலிட்டார்கள். இவை இல்லாவிட்டால் ‘நான் சரியாகத்தான் அழுத்தினேன்’ என்று கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்திருப்போம். ஒளிந்திருக்கும் உதவியை ஏற்கும் நாம், மெனுவில் பெயர் போட்டு வைத்த உதவியைக் கண்டு ஏன் கூச வேண்டும்? ஹேடீஸ் இதை இன்னும் நயமாகச் செய்தது: அதன் தெய்வ நிலையை இயக்கினால் வாங்கும் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம் குறையும், இந்தக் குறைப்பு 80 சதவீதத்தில் நிற்கும். தோற்றவரிடமிருந்து எடுப்பதற்குப் பதில் தோற்றவருக்குக் கொடுக்கிறது.

இவ்வளவும் என் கருத்துகள். இவற்றை எவ்வளவு நம்பலாம்? ஆட்டத்தின் நடுப்பகுதியைப் பற்றி நெடுநாள் ஆடியவர் சொல்வதை நம்பலாம். முதல் பத்து நிமிடங்களைப் பற்றி அவர் சொல்வதை நம்பவே கூடாது. சிவப்புப் பீப்பாய் வெடிக்கும், சுவரில் விரிசல் தெரிந்தால் உடையும், மூலையில் ஏதாவது ஒளித்து வைத்திருப்பார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு எழுத்தறிவுபோல ஊறிவிட்டது. இரண்டு குச்சி கன்ட்ரோலரை முதல்முறை பிடிப்பவரைப் பாருங்கள். ஒன்று நடக்க, ஒன்று பார்க்க. அவர் சுவரில் முட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பார். அவரிடம் குறை எதுவும் இல்லை. 2000இல் ஏலியன் ரெசரெக்‌ஷன் இதே முறையைக் கொண்டுவந்தபோது, ஆட்டத்திலேயே மிகப் பயங்கரமான அம்சம் இந்தக் கட்டுப்பாடுதான் என்று ஒரு விமர்சகர் எழுதினார். ஆட்டங்களை ஆடி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர் அவர். அடுத்த சில ஆண்டுகளில் கன்ட்ரோலரில் ஆடும் சுடும் ஆட்டங்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. இன்று அதை மாற்றினால் என்னைப் போன்றவர்கள்தான் முதலில் கூச்சல் போடுவோம்.

புதியவருக்காக யோசிப்பது எப்படி என்பதற்கு சூப்பர் மாரியோவின் முதல் திரையே போதும். மாரியோ இடதுபக்கம் நிற்கிறார், வலப்பக்கம் வெட்டவெளி. போகும் திசை புரிந்துவிடுகிறது. முதல் எதிரி தனியாக, மெதுவாக வருகிறான். முட்டிச் செத்தாலும் இழப்பது சில நொடிகள். பெட்டியை முட்டினால் வெளிவரும் காளான் வலப்பக்கம் ஓடிக் குழாயில் இடித்து நம்மை நோக்கியே திரும்புகிறது. மேலே தாழ்வான கட்டிகள் இருப்பதால் தாவித் தப்புவது கடினம்; பயந்து விலகுபவர்மீதும் அது வந்து மோதி, நல்லது என்று காட்டிவிடுகிறது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. பல ஆண்டுகள் ஆடிய என்னால் இதைப் பிரித்துப் பாராட்ட முடியும். புதிதாக யோசித்திருக்க முடியுமா என்றால், முடியாது. அதைச் செய்ய, தெரிந்ததைத் தெரியாததுபோல் பார்க்கும் தனிப் பயிற்சி வேண்டும்.

எனவே உங்கள் அனுபவத்தை வடிவமைப்புக்குப் பயன்படுத்த நினைத்தால், இதுவரை அந்த வகை ஆட்டத்தைத் தொடாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பாருங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். மரியாதைக்குப் பிடித்திருக்கிறது என்பார்கள். ஒவ்வொரு முறை தோற்றதும் ‘ஏன் தோற்றீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘சீக்கிரம் தாவிவிட்டேன்’ என்றால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். ‘என்னமோ ஆயிற்று’ என்றால் அடுத்த நாள் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.